கதையைப் படித்துவிட்டு உண்மையைச் சொல்ல ஆள் வேண்டும்

பன்சோடான் பூனை:
எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் தமிழில் கதை எழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படிக்கிறவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். நான் ஒரு கதை எழுதி வாட்சப் குழுவில் போட்டால் வரிசையாகக் கும்பிடும் கைகள், பூங்கொத்து, ‘அருமை’, ‘கண் கலங்கிவிட்டது’. எட்டுப் பக்கக் கதையைப் போட்ட இரண்டாவது நிமிடத்தில் கண் எப்படிக் கலங்கும் என்று கேட்டால் நான் திமிர் பிடித்தவள்.

பாராட்டு வேண்டாம் என்று சொல்ல நான் துறவி இல்லை. ஆனால் எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது, எங்கே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள், எந்த ஆளை நம்ப முடியவில்லை என்று ஒருத்தர்கூடச் சொல்வதில்லை. அடுத்த கதையிலும் அதே தவறுகளைத்தான் செய்துகொண்டிருப்பேன் போலிருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் கதையை யாரிடம் முதலில் கொடுக்கிறீர்கள்?

மோல்மீன் சயாமா:
நல்ல கேள்வி, தங்கச்சி. நான் கோயில் தமிழ் வகுப்பில் பாடம் எடுக்கிறவள், சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை. பிள்ளைகளும் பெரியவர்களும் எழுதிக்கொண்டு வந்து காட்டுவார்கள். நான் என்ன செய்வேன் தெரியுமா? ‘ல’ வரவேண்டிய இடத்தில் ‘ள’ வந்திருந்தால் வட்டம் போடுவேன். ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒரு ‘க்’ சேர்ப்பேன். தாள் முழுக்கச் சிவப்பு மை. எழுதியவருக்குச் சந்தோஷம், சயாமா எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்று.

எழுத்துப்பிழை சொல்வது பத்திரமான வேலை. அதற்காக யாரும் வீட்டில் சொல்லி வருத்தப்பட மாட்டார்கள். கதையில் வரும் அப்பா பொம்மை மாதிரி இருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். அந்த அப்பா எழுதியவருடைய சொந்த அப்பாவாக இருப்பார். அவரை வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்க வேண்டும், தீமிதிக்கு அவரோடு ஒரே வரிசையில் நின்று சோறு பரிமாற வேண்டும். சென்னையில் விமர்சனம் எழுதுகிறவர் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடலாம். நாம் எங்கே போவது?

வியாசர்பாடி பர்மாக்காரன்:
சென்னையிலும் அப்படி ஒன்றும் சுலபமில்லை அம்மா. நாங்கள் கப்பலில் வந்து இறங்கின காலத்திலிருந்து பி.வி. காலனியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

ஆனால் எழுதியதைக் காட்டிக் குறை கேட்பது தமிழில் புதுப் பழக்கம் இல்லை. தொல்காப்பியப் பாயிரத்திலேயே இருக்கிறதே. நிலந்தரு திருவின் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில், ‘அரில்தபத் தெரிந்து’ நூலை வைத்ததாகப் பனம்பாரனார் சொல்கிறார். குற்றம் போகக் காட்டிவிட்டுத்தான் ஊருக்குக் கொடுத்தார்கள். அப்புறம் 1959இல் சி.சு. செல்லப்பா கைக்காசைப் போட்டு ‘எழுத்து’ பத்திரிகை நடத்தினார். விமர்சனத்துக்கென்றே ஆரம்பித்த பத்திரிகை. புதுக்கவிதை அதில் வளர்ந்ததற்கு ஒரு காரணம், கவிதையையும் அதன் மீதான சண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள் என்பது.

சிரியம் தம்பி:
ஐயா, அரங்கேற்றம் என்றால் நூல் முடிந்த பிறகு. பூனை அக்கா கேட்பது பாதியில் இருக்கும் கதையைப் பற்றி. அங்கே ஆசான் இருந்தார். இங்கே நம்மில் யார் ஆசான்? எல்லோரும் கற்றுக்குட்டிகள். கற்றுக்குட்டி கற்றுக்குட்டிக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

இன்னொன்று. என் சிநேகிதன் ஒருத்தன் நன்றாக எழுதிக்கொண்டிருந்தான். ஒரு போட்டிக்கு அனுப்பினான். நடுவராக இருந்த பெரியவர் மேடையில் வைத்து அவன் கதையிலிருந்து இரண்டு வரியைப் படித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அவன் அதோடு நிறுத்தினான். இருக்கிறதே பத்துப் பேர், அதிலும் ஒருவனை இப்படி ஓட்டிவிட்டால் நாளைக்கு யார் எழுதுவது? பர்மாவில் தமிழ் எழுத்து பிழைத்தால் போதும், தரத்தை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி.

பெகு வாசகன்:
தம்பி சொல்வதில் பாதி சரி. மேடையில் நடந்தது விமர்சனம் இல்லை, அந்தப் பெரியவர் கைதட்டல் வாங்கின வேலை. அதைக் காட்டி ‘யாரும் எதுவும் சொல்லாதீர்கள்’ என்று முடிவு கட்டுவது எப்படி?

இந்த நாட்டுக்கென்று ஒரு பயமும் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் வரைக்கும் இங்கே அச்சுக்குப் போகிற எந்தக் கதையையும் முதலில் படித்தவர் தணிக்கை அதிகாரி. எழுதுகிறவனுக்குத் தெரிந்த ஒரே கூர்மையான வாசகர் அவர்தான். கையில் பேனாவோடு உன் கதையைப் பார்க்கிறவன் வெட்டத்தான் வந்திருக்கிறான் என்பது பெரியவர்களுக்கு எலும்பில் ஊறிப்போனது. அது நமக்கும் வந்திருக்கிறது.

இத்தனைக்கும் பர்மியர்களிடம் இலக்கியக் கூட்டம் எவ்வளவு உயிரோடு இருந்தது பாருங்கள். பர்மிய நாள்காட்டியில் நடோ மாதம் பிறந்து சாசோடோ நாள், அதாவது எழுத்தாளர் நாள், வந்தால், அந்தக் குளிர்காலம் முழுக்க எழுத்தாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசுவார்கள். திருவிழாக் கூட்டம் சேரும். ஆனால் அங்கேயும் எழுத்தாளர் பேசுவார், ஜனங்கள் கேட்பார்கள். பாதி எழுதின கதையை நடுவில் வைத்துக்கொண்டு நாலு பேர் உட்காருவது டீக்கடையில் நடக்கிற காரியம். அதை நாம்தான் செய்ய வேண்டும்.

கற்றுக்குட்டி என்ன சொல்ல முடியும் என்று கேட்டாய். தீர்வு சொல்ல முடியாமல் போகலாம். ‘இங்கே எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல ஆசானாக இருக்க வேண்டியதில்லையே, முழுக்கப் படித்திருந்தால் போதும்.

மோல்மீன் சயாமா:
அதோடு இன்னொரு லாபமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அடுத்தவர் கதையில் ‘இங்கே ஏன் அலுக்கிறது’ என்று காரணம் தேடுகிறவருக்குத்தான் முதலில் படிப்பு ஏறுகிறது. நம் கதையில் நமக்கு எதுவும் தெரியாது. நாம் எழுதாமல் விட்டதையும் மனது சேர்த்துப் படித்துக்கொள்ளும். அடுத்தவர் கதையில் அந்த வசதி கிடையாது, ஓட்டை ஓட்டையாகவே தெரியும். நாலு பேர் கதையில் பார்த்த ஓட்டை ஐந்தாவதாக நம் கதையில் கண்ணில் படும்.

கோயில் தொண்டன்:
எனக்கு ஒரு சந்தேகம். இதற்கெல்லாம் இப்போது கைபேசியிலேயே செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே? கொடுத்தால் உடனே சொல்லிவிடும்.

பன்சோடான் பூனை:
கொடுத்துப் பார்த்தேன் அண்ணே. ‘மனதைத் தொடும் ஆழமான கதை’ என்றது. அதுவும் நம் வாட்சப் குழுவில் இருக்கிறது போல.

பெகு வாசகன்:
வெளியில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன், நாம் ஒரு முறை வகுத்துக்கொள்ள உதவும்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் எழுத்துப் பட்டறை ஆரம்பித்தார்கள். பென்சில்வேனியாவில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் 1956இல் டேமன் நைட் முதலான அறிவியல் புனைகதைக்காரர்கள் கூடினார்கள். அங்கே வந்த முறை பிறகு 1968இல் ஆரம்பித்த கிளாரியன் பட்டறைக்கும் போனது. விஷயம் எளிது. எல்லோரும் கதையை முன்பே படித்துவிட்டு வர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள். குறுக்கே யாரும் பேசக் கூடாது. எழுதியவர் எல்லாம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கடைசியில்தான் அவர் முறை.

அந்த மௌனத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கதை அச்சில் வந்த பிறகு வாசகன் பக்கத்தில் நின்று ‘நான் சொல்ல வந்தது அது இல்லை’ என்று விளக்க முடியாதல்லவா? கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், தாளில் இருப்பது என்ன, நம் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது என்ன என்று தெரிந்துவிடும்.

சிரியம் தம்பி:
அந்த மௌனம் நமக்குச் சரிவராது அண்ணே. மதுரைக்காரர் ஒருத்தர் என் கதையைப் படித்தார் என்று வையுங்கள். பச்சை லுங்கி கட்டிக்கொண்டு பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்றால் அவர் முகம் சுளிப்பார், லுங்கியோடு பள்ளிக்கூடமா என்று. இங்கே அரசுப் பள்ளிச் சீருடையே அதுதான். எழுதியவன் வாயைக் கட்டிவிட்டால், அந்த ஒரு லுங்கியைப் பற்றியே சுற்றி இருக்கிறவர்கள் அரை மணி நேரம் பேசித் தீர்ப்பார்கள்.

பெகு வாசகன்:
ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலேயே இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. வேறு பின்னணியிலிருந்து வருகிற எழுத்தாளர்கள் ‘எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவதை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டுமா’ என்கிறார்கள். இதற்கு வேறொரு முறை இருக்கிறது. லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990 வாக்கில் கொண்டுவந்தது. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனதில் நின்றது என்று சொல்வார்கள். அடுத்து, படைத்தவரே கேள்வி கேட்பார். பிறகு பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு நீளம்’ என்று கேட்டால் அது கேள்வி இல்லை, குத்தல். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் ‘இதைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லட்டுமா’ என்று கேட்டுவிட்டு.

எனக்கு இதில் ஒரு குறை. மூன்றாவது படிக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும், பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கேள்வி கேட்கிற பகுதி தங்கம்.

மோல்மீன் சயாமா:
முறை முறை என்று பேசிக்கொண்டே போனால் விடிந்துவிடும். பூனை, ஒரு பத்தி போடு. செய்து பார்ப்போம்.

பன்சோடான் பூனை:
சரி. கதைப் பெயர் இன்னும் வைக்கவில்லை. நடுவிலிருந்து ஒரு பத்தி:

“1980ஆம் ஆண்டு அது. பாட்டி பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். உள்ளே எழுபத்தைந்து கியாட் நோட்டுகள் கட்டாக இருந்தன. அந்த நோட்டு இனிமேல் செல்லாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். பாட்டியின் இதயம் சுக்குநூறாக உடைந்தது. கண்ணீர் அருவியாகக் கொட்டியது. வாழ்நாள் முழுவதும் இட்லி விற்றுச் சேர்த்த பணம் ஒரே நொடியில் வெறும் காகிதமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகப் பச்சை லுங்கி கட்டி நின்ற என்னைக் கூப்பிட்டு, ஒரு நோட்டை உருவிக் கையில் கொடுத்து, முனைக்கடையில் வெற்றிலை வாங்கி வரச் சொன்னாள். நான் ஓடினேன். அன்று இரவு பாட்டி சாப்பிடவில்லை. விதியின் விளையாட்டை யாரால் வெல்ல முடியும்?”

கோயில் தொண்டன்:
அருமை தங்கச்சி. கண் கலங்கிவிட்டது.

சிரியம் தம்பி:
அண்ணே!!!

வியாசர்பாடி பர்மாக்காரன்:
பொறுங்கள். பாட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நோட்டைப் பற்றிப் பேச வேண்டும். 1980இல் 75 கியாட் நோட்டே கிடையாது.

நடந்தது இது. 1964 மே மாதம் 50, 100 நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். எங்கள் அப்பா கடையும் போய் நோட்டும் போனது அந்த வருடம்தான். 1985 நவம்பரில் 20, 50, 100 போனது. அப்போது ஒரு அளவுவரை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் 75. நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் நே வின்னுக்கு 75 வயது, அதனால்தான் அந்த எண் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அதுவும் இரண்டு வருடம் ஓடவில்லை. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 மூன்றையும் ஒரே அறிவிப்பில் ஒழித்தார்கள். இந்தத் தடவை மாற்றிக் கொடுக்கவும் இல்லை. அதற்கப்புறம்தான் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகள் வந்தன.

ஆகவே கதை நடப்பது 1987. இன்னொன்று, செப்டம்பர் 5 சனிக்கிழமை. பையன் பள்ளிக்கூடத்துக்கு லுங்கி கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

சிரியம் தம்பி:
ஐயா, இப்படித்தான் எல்லோரும் நக்கீரர் ஆகிவிடுகிறீர்கள். 1980ஓ 1987ஓ, பாட்டிக்கு வலித்தது வலித்ததுதானே? வருடத்தை மாற்றினால் ஒரு நிமிட வேலை.

பெகு வாசகன்:
ஒரு நிமிட வேலை இல்லை தம்பி. ஐயா சொன்னதைக் கதைக்குள் வைத்துப் பார். 75 நோட்டு இரண்டு வருடம்கூட இருந்ததில்லை என்றால், பெட்டியில் இருப்பது ‘வாழ்நாள் முழுவதும் சேர்த்த பணம்’ இல்லை. வாழ்நாள் சேமிப்பில் ஒரு பகுதி 1964இலும் இன்னொரு பகுதி 1985இலும் ஏற்கெனவே போயிருக்கும். இது மிச்சம். பாட்டிக்கு இது மூன்றாவது அடி.

மூன்றாவது தடவை அடி வாங்குகிற மனுஷி ரேடியோவைக் கேட்டதும் அருவியாக அழுவாளா? எனக்குத் தோன்றவில்லை. முதல் தடவை அழுதிருப்பாள். இப்போது அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதனால் ‘இதயம் சுக்குநூறாக’ வந்த இடத்தில் நான் கதையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அது வரைக்கும் தகரப் பெட்டி, பரண் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வாக்கியம் வந்ததும் பாட்டி மறைந்துபோய் ஏதோ ஒரு சினிமாப் பாட்டி வந்து உட்கார்ந்தாள்.

மோல்மீன் சயாமா:
எனக்கும் அங்கேதான் விட்டுப்போனது. ‘விதியின் விளையாட்டு’ வரியில் இரண்டாவது தடவை.

மனதில் நின்றது எது என்றும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலை. பாட்டி ஒரு நோட்டை உருவிக் கையில் கொடுத்து வெற்றிலை வாங்கி வரச் சொன்னாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது, இதில் தீர்ப்பு எதுவும் ஒளிந்திருக்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன். ரேடியோவில் சொன்ன பிறகுதானே பாட்டி அந்த நோட்டைக் கொடுக்கிறாள்? செல்லாது என்று தெரிந்துதானே கொடுக்கிறாள்?

சிரியம் தம்பி:
ஐயோ. ஆமாம். கொஞ்சம் வெற்றிலைக்கு 75 கியாட் நோட்டு எதற்கு? வெற்றிலைக்காக அனுப்பவில்லை. மீதிச் சில்லறைக்காக அனுப்பியிருக்கிறாள்! ஒன்று, ஐந்து, பத்து நோட்டெல்லாம் அன்றைக்கும் செல்லுபடிதான். கடைக்காரருக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் மாற்றிவிடப் பார்க்கிறாள். அதுவும் சின்னப் பையனை அனுப்பி!

பெகு வாசகன்:
கற்றுக்குட்டி என்ன சொல்ல முடியும் என்று கேட்டவர் யாரோ.

கோயில் தொண்டன்:
நான் படித்தபோது அப்படித் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பிடிக்கவில்லை. நம் பாட்டிகள் இந்த மண்ணில் பட்ட பாடு கொஞ்சமா? இட்லி விற்று, மூட்டை தூக்கி நம்மை ஆளாக்கியவர்கள். அவர்களை ஏமாற்றுக்காரி ஆக்கிக் கதை எழுதி என்ன கிடைக்கப்போகிறது? நாளைக்கு ஒரு பர்மியர் படித்தால் தமிழர்கள் இப்படித்தான் என்பார். இதை நேர்மையான கருத்து என்று சொல்லி ஒரு பெண்ணை ஊரை விற்க வைக்காதீர்கள். என் கருத்தும் நேர்மையான கருத்துதான்.

மோல்மீன் சயாமா:
நேர்மையானதுதான் அண்ணே, சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொன்னது பூனைக்கு உபயோகமானது, எங்கள் நாலு பேரையும்விட. ஏனென்றால் இந்தக் கதை அச்சில் வந்தால் எங்கே வலிக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆனால் வலிக்கும் என்பது வேறு, எழுதாதே என்பது வேறு. முதலாவதை வாசகர் சொல்லலாம். இரண்டாவது அவருடைய வேலை இல்லை.

அப்புறம், அந்தப் பாட்டியை எனக்கு முன்னைவிட இப்போதுதான் பிடித்திருக்கிறது. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவள் பேரில் பரிதாபம்தான் வந்தது.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
ஒரு யோசனை. கடைக்காரரைச் சீனராகவோ ஒரு கொள்ளை லாபக்காரராகவோ வைத்துவிட்டால் படிக்கிறவர்களுக்கு உறுத்தாது. தொண்டன் தம்பிக்கும் திருப்தி.

பெகு வாசகன்:
வேண்டாம் ஐயா. உறுத்தலைக் கழற்றிவிட்டால் கதையில் மிச்சம் என்ன இருக்கும்? தவிர, நம்மவரின் பெயரைக் காப்பாற்ற இன்னொரு இனத்தானைக் கெட்டவனாக்குவது இந்த ஊரில் நாமே அனுபவித்த வேலை. இதை இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன், வயதுக்கு மரியாதை கொடுத்து நிறுத்துகிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து பூனையின் கதையை எழுத ஆரம்பித்துவிட்டோம். பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற விபத்து இதுதான். ஆளாளுக்கு ‘நானாக இருந்தால்’ என்று தொடங்குவார்கள். கடைசியில் எல்லார் கதையும் ஒரே அச்சில் வந்து நிற்கும், யாருக்கும் குறை சொல்ல எதுவும் இருக்காது, யாருக்கும் ஞாபகமும் இருக்காது. கடைக்காரர் யார் என்று பூனைக்குத் தெரியும். கேட்போம்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
கடுமையாகவே சொல்லியிருக்கலாம் தம்பி. நியாயம்தான். நானும் கேட்கிறேன், கடைக்காரர் யார்?

பன்சோடான் பூனை:
இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் மில்ஃபோர்ட் முறையில் உட்கார்ந்திருந்தேன். கை நமநமவென்றிருந்தது.

கடைக்காரர் பர்மிய அம்மா. பையன் எப்போது போனாலும் ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். முந்தைய பக்கத்தில் அது வருகிறது, நான் போட்ட பத்தியில் இல்லை. பாட்டியும் அவரும் ஒருவருக்கொருவர் கடன் சொல்லி வாங்கிக்கொள்கிற சிநேகிதம்.

தொண்டன் அண்ணன் சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். அவருக்கு வந்த கோபம் எனக்கே எழுதும்போது வந்திருக்க வேண்டும் போல. அதனால்தான் அழ வைத்து, விதியைக் கூப்பிட்டு, பாட்டியைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். பர்மியர் படித்தால் என்ன நினைப்பார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. ஆனால் அந்த வெல்லக்கட்டி அம்மாவுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும்.

மாற்றி எழுதியது இது:

“ரேடியோவை நிறுத்திவிட்டுப் பாட்டி பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். நோட்டுக் கட்டை எண்ணவில்லை. மேலாக ஒன்றை உருவி, மடித்து, என் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். ‘முனைக்கடையில் வெற்றிலை வாங்கிட்டு வா. மீதியை எண்ணி வாங்கு.’ சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. தெருவில் நான்தான் முதலில் இறங்கினேன். ‘அங்கே ரேடியோ பாடுதான்னு பார்த்துக்கோ’ என்றாள் வாசலில் நின்று. ‘பாடினா வாங்காம வந்துரு.’ எதற்கு என்று கேட்டேன். பாட்டி பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கை முழுவதும் இப்படியேதான் ஓடியது.”

சிரியம் தம்பி:
‘ரேடியோ பாடுதான்னு பார்த்துக்கோ.’ அக்கா, வயிற்றைப் பிசைகிறது. இது பூங்கொத்து இல்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

மோல்மீன் சயாமா:
பொத்தான் போடுவது நன்றாக இருக்கிறது. பணம் விழுந்துவிடக் கூடாதே என்ற பழக்கம், அந்தப் பணம் செத்துப்போன பிறகும். கடைசி வாக்கியம் மட்டும் பழைய பத்தியிலிருந்து தப்பித்து வந்திருக்கிறது. ‘அவள் வாழ்க்கை முழுவதும்’ என்று நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நாங்கள் அந்த மூன்று வருடங்களையும் எண்ணிவிட்டோமே.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
எனக்கு அந்த வாக்கியம் வேண்டும். சென்னையில் படிக்கிற பிள்ளைகளுக்கு 1964ம் தெரியாது, 1985ம் தெரியாது. அவர்களுக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டாமா?

பெகு வாசகன்:
பிடி வேண்டும், ஆனால் இந்த வாக்கியம் அதைக் கொடுக்கவில்லை. பெட்டியின் அடியில் 1964இல் செத்த நூறு கியாட் நோட்டு ஒன்று கிடந்தால் போதும். (மன்னியுங்கள், நானும் ‘நானாக இருந்தால்’ ஆரம்பித்துவிட்டேன். பூனை இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.)

பன்சோடான் பூனை:
கடைசி வாக்கியத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள், அதனால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்பது மட்டும் உறுதி. என்ன செய்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன். நோட்டு யோசனையை எடுக்க மாட்டேன் அண்ணே. பாட்டி செத்த நோட்டை வைத்துக்கொள்கிற ஆள் இல்லை, அடுப்பில் போட்டிருப்பாள்.

பெகு வாசகன்:
பாருங்கள், இது நமக்குத் தெரியாது. இது எழுதுகிறவளுக்குத்தான் தெரியும்.

கோயில் தொண்டன்:
மாற்றி எழுதினதைப் படித்தேன். இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முழுக்கப் படித்தேன், இரண்டு தடவை. அந்த வெல்லக்கட்டி அம்மாவுக்கு என்ன ஆகிறது என்று எழுதினதும் எனக்கு அனுப்பு.

மோல்மீன் சயாமா:
பூனை, இதைவிடப் பெரிய பாராட்டு உனக்கு வாட்சப்பில் கிடைக்காது.

நெறியாளர்:
நல்ல இழை. பலர் தனிச்செய்தியில் தங்கள் கதையையும் இப்படிப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். போடலாம். மேலே நடந்ததை வைத்துச் சில விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படிக்காதவர் கருத்துச் சொல்ல வேண்டாம். எந்த வரியில் என்ன ஆயிற்று என்று இடம் காட்டிச் சொல்லுங்கள். கதையைப் பற்றிப் பேசுங்கள், எழுதியவரின் குடும்பத்தைப் பற்றி அல்ல. எழுத்துப்பிழைகளைக் கடைசியில் ஒரே பதிவில் சயாமா தருவார், அதற்கு முன் யாரும் ‘ள’வுக்கு வட்டம் போட வேண்டாம். தன் கதையைப் போடுகிறவர் அதற்கு முன் வேறு ஒருவர் கதைக்காவது கருத்து எழுதியிருக்க வேண்டும். மேடை நடுவர்களுக்கு இங்கே இடம் இல்லை.

அடுத்தது யார்?

சிரியம் தம்பி:
நான். படகுத்துறைக் கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம். பார்த்து மெதுவாக அடியுங்கள்.

பெகு வாசகன்:
எவ்வளவு நீளம்?

சிரியம் தம்பி:
இருபத்தாறு பக்கம்.

பெகு வாசகன்:
முதல் அடி அதற்குத்தான். எட்டுப் பக்கம் போடு தம்பி, மிச்சத்தை நாங்கள் கேட்கிறோமா என்று பார்க்கலாம்.